செட்டுன்னா எந்த செட்டு?

தம்பி, நீங்க மூணு கேட்டிருக்கீங்க. லண்டனுக்கு வெளியில வாடகை எப்படி, பொன்னி அரிசி கிடைக்குமா, ஏழாவது படிக்கிற பையன் கொண்டுவந்த தாள்ல 'மேத்ஸ் செட் 4'ன்னு இருக்கே, அது காசு கட்டி வாங்கவேண்டிய புத்தக செட்டா? வாடகை ஊருக்கு ஊரு மாறும். அரிசி எந்தத் தமிழ்க் கடையிலயும் கிடைக்கும். மூணாவதுலதான் நான் அடிபட்டவன், அதைச் சொல்றேன்.

அது புத்தகம் இல்ல. பிள்ளைங்களைத் தரம் பிரிச்சு உட்கார வைக்கிற வகுப்புக்கு இங்க செட்டுன்னு பேரு. பெரும்பாலும் 1தான் மேல, எண் ஏற ஏற கீழ. நான் 2006-ல திருவையாத்துப் பக்கத்துலேர்ந்து இங்க வந்தேன். வந்த வருஷமே என் மகளுக்கும் இதே செட் 4. நம்ம பள்ளிக்கூடத்து ஏ செக்‌ஷன், பி செக்‌ஷன் மாதிரின்னு நெனச்சு கையெழுத்துப் போட்டு, நன்றின்னு வேற எழுதி அனுப்பினேன்! மூணு வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது, அவ எழுதப்போறது ஃபவுண்டேஷன்ங்கற சுலபமான தாள், அதுல எல்லாம் சரியா எழுதினாலும் 'சி' கிரேடுக்கு மேல கிடையாது. இப்ப கிரேடுக்கு எழுத்து போய் எண் வந்துருச்சு, 9தான் உச்சம். ஜிசிஎஸ்இ, அதாவது பதினாறு வயசுல எழுதுற பொதுத்தேர்வு, அதோட கணக்குல ஃபவுண்டேஷனுக்கு 5 தான் உச்சம், ஹையர்ங்கற கஷ்டமான தாள்ல 9 வரைக்கும் போகலாம். நம்ம பிளஸ் டூ மாதிரியான ஏ லெவல்ல கணக்கு எடுக்க 6, 7ன்னு கேக்குற பள்ளிக்கூடம்தான் அதிகம்.

உங்க பையனுக்கு நாள் இருக்கு. நாளைக்கே கணக்கு டீச்சருக்கு மெயில் போடுங்க. கணக்கு வரலன்னு கீழ போட்டாங்களா, கேள்வியோட இங்கிலீஷ் புரியலன்னு போட்டாங்களா? மேல போக அடுத்த பரீட்சை எப்ப? கேட்டா இங்க யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. கேக்காம இருந்தாத்தான் உங்களுக்கு சம்மதம்னு எடுத்துக்குவாங்க. என் மக ராத்திரியெல்லாம் சமையக்கட்டு மேசையில உட்கார்ந்து படிச்சுதான் செட் 2க்குப் போனா.

இதுல எனக்கு இன்னும் ஆறாதது ஒண்ணு. எங்க தெருவுல பத்து வருஷமா இருந்த நம்ம ஊர்க்காரங்க ரெண்டு குடும்பத்துக்கும் இது தெரியும். ஒரு வார்த்தை சொல்லல. பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பறதையே சீட்டு எடுத்த பணம் மாதிரி ஒளிச்சு வைப்பாங்க.

அந்த வார்த்தையையும் நம்பாதீங்க. ஜெல்லி செட் ஆகும், சூரியனும் செட் ஆகும், அலாரத்தையும் செட் பண்ணணும். 1989-ல வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில வினைச்சொல்லா வர்ற செட்டுக்கு மட்டும் 430 பொருளாம். தோட்டக் கடையில 'ஆனியன் செட்ஸ்'னு பார்த்துட்டு மண்வெட்டி, களைக்கொத்தெல்லாம் சேர்ந்த செட்டுன்னு நெனச்சேன். பிரிச்சா நடுறதுக்கான குட்டி வெங்காயம். இப்ப வருஷாவருஷம் மார்ச்சுல நானே நடறேன். பக்கத்துத் துண்டு நிலத்து வெள்ளைக்காரர் என்கிட்டதான் யோசனை கேப்பார்.

நமக்கு செட்டுன்னா பம்புசெட்டு, கல்யாணத்துக்கு நாயன செட்டு, அவ்வளவுதானே. ஜூன் 12-ல மேட்டூர் திறக்கலன்னா குறுவைக்கு பில்டர் பாயிண்டு போர்த் தண்ணிதான் கதி. கொட்டாயில செட்டு ஓடுற சத்தம் கேட்டாத்தான் அப்பா தூங்குவார், நின்னா முழிச்சுக்குவார். பேத்திக்கு செட் 4 கிடைச்சிருக்குன்னு நான் பெருமையா போன்ல சொன்னப்ப அவர் கேட்டார்: "எத்தனை எச்பிடா?"