புகை பற்றிக் கேளுங்கள்: ஓசூர்க்காரன் பதில்கள்

முப்பது வருடம் ஓசூர் பக்கத்து ஆலைகளில் பேக் ஃபில்டர் (துணிப்பை வடிகட்டி), ஸ்க்ரப்பர் (வாயுவைத் தண்ணீரில் கழுவும் கருவி) என்று தூசும் வாயுவும் பிடிக்கிற கருவிகளோடு மல்லுக்கட்டியவன் நான். ஆலைப் புகை, அதன் வரலாறு, அதை அடக்கப் பார்த்த கதை, எது வேண்டுமானாலும் கேளுங்கள். எந்தக் கம்பெனி மோசம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

பர்கூர்: அண்ணா, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் 4,200 வருடத்துக்கு முன்பே இரும்பு இருந்ததாமே. மாசும் அப்போதே தொடங்கிவிட்டதா?

புகை இருந்திருக்கும், ஆனால் இன்றைய புகை இல்லை. அந்தக் காலத்து உலைகள் மரக்கரியில் எரிந்தவை. மரக்கரியில் கந்தகம் மிகக் குறைவு. நிலக்கரிக்கு மாறியபோதுதான் கந்தக நெடி வந்தது. லண்டனில் நிலக்கரிப் புகை தாங்காமல் 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே முதலாம் எட்வர்ட் மன்னர் தடை போட்டார். யாரும் கேட்கவில்லை.

தருமபுரி, கல்லூரி மாணவி: ஆலைப் புகைக்கு எதிரான முதல் சட்டம் எது சார்?

'முதல்' என்று எழுதினால் யாராவது சண்டைக்கு வருவார்கள். அளவு நிர்ணயித்து, இன்ஸ்பெக்டரும் போட்டு உருப்படியாக நடந்த சட்டம் என்றால் இங்கிலாந்தின் 1863 ஆல்கலி சட்டத்தைச் சொல்வேன். சோப்புக்கும் கண்ணாடிக்கும் சலவைச் சோடா என்ற காரம் (ஆல்கலி) வேண்டும். லெப்ளாங்க் முறையில் உப்பையும் கந்தக அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்குவார்கள், ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியே போகும். அங்கே செயின்ட் ஹெலன்ஸ் என்ற ஊர்ப் பக்கமெல்லாம் மரங்கள் மொட்டையாகி நின்றன, பயிர் கருகியது. வேடிக்கை என்னவென்றால் இதற்கு வழி 1836-லேயே தெரியும். வில்லியம் காஸேஜ் என்பவர் கோபுரத்துக்குள் கோக் கரியை நிரப்பி மேலிருந்து தண்ணீரை ஒழுகவிட்டு, கீழிருந்து வாயுவை ஏற்றினார். வாயு தண்ணீரில் கரைந்துவிட்டது. இன்று நான் பார்க்கிற ஸ்க்ரப்பருக்கும் அதுதான் பாட்டன். அதை எல்லோரும் வைக்க 27 வருடம் கழித்து ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது: 95 விழுக்காட்டைப் பிடித்தே ஆக வேண்டும். முதல் இன்ஸ்பெக்டர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித், 'அமில மழை' என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டவர். ஓட்டை இல்லாமல் இல்லை. பிடித்த அமிலத்தை ஓடையில் கொட்டினார்கள், காற்றிலிருந்து தண்ணீருக்கு மாறியது அவ்வளவுதான். பிறகு அதே அமிலத்திலிருந்து பிளீச்சிங் பவுடர் செய்தால் காசு என்று தெரிந்ததும் கொட்டுவது குறைந்தது.

நம் நாட்டில் 1905-லேயே வங்காளத்தில் புகைத் தொல்லைச் சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான காற்றுச் சட்டம் 1981-இல். போபாலுக்குப் பிறகு, 1986-இல், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம்.

ஓசூர், ஃபவுண்ட்ரி (வார்ப்பாலை) வைத்திருப்பவர்: இவ்வளவு எதற்கு சார்? புகைபோக்கியை உயர்த்திக் கட்டினால் முடிந்தது.

முடியவில்லை. உயரத்துக்குக் கணக்கு இருக்கிறது: மணிக்கு எத்தனை கிலோ கந்தக டை ஆக்சைடு போகிறதோ அதன் 0.3 அடுக்கை 14-ஆல் பெருக்குங்கள். மணிக்கு 100 கிலோ என்றால் சுமார் 56 மீட்டர் வரும். ஆனால் அந்த 100 கிலோ அப்படியேதான் இருக்கிறது, வேறு ஊரில் இறங்குகிறது. கனடாவின் சட்பரியில் நிக்கல் உருக்காலைக்கு 381 மீட்டரில் கட்டினார்கள். உள்ளூர் தப்பித்தது, புகை தூரம் போனது. பிரிட்டனும் ஜெர்மனியும் உயர உயரக் கட்டியதில் சுவீடன், நார்வே ஏரிகளில் மீன் செத்தது. கடைசியில் 1979-இல் ஜெனீவாவில் ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று.

அதே ஃபவுண்ட்ரிக்காரர்: நமக்கு எல்லை பக்கம்தானே, காற்றடித்தால் கர்நாடகாவுக்குப் போகட்டுமே!

சிரித்துவிட்டேன். இதே நினைப்பில்தான் கனடாவின் டிரெய்ல் உருக்காலையும் இருந்தது. புகை எல்லை தாண்டி அமெரிக்க விவசாயிகளின் பயிரைக் கெடுத்தது. 1941-இல் நடுவர் மன்றம், தன் மண்ணிலிருந்து போகும் புகையால் அடுத்த நாட்டைக் கெடுக்க எந்த நாட்டுக்கும் உரிமை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. எல்லைக்கு அந்தப் பக்கத்து அத்திப்பள்ளிக்காரருக்கும் மூக்கு இருக்கிறது சார்.

காவேரிப்பட்டினம், மாந்தோப்பு: ஐயா, மாங்காய் நுனி கருத்துப் போகிறது. பக்கத்தில் செங்கல் சூளை. அதுதான் காரணமா?

இருக்கலாம். வட இந்தியத் தோப்புகளில் 'கருநுனி' நோய் சூளைப் புகையால் வருவது என்று எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, எத்திலீன் மூன்றும் சேர்ந்த வேலை. ஆனால் பூஞ்சையாலும் காய் கருக்கும். இரண்டு காயோடு தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போங்கள், என்ன தெளிப்பது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஃபவுண்ட்ரிக்காரர்: பார்த்தீர்களா! அந்த நோய்க்குச் சூளையின் புகைபோக்கியை உயர்த்தச் சொல்லி விவசாயப் புத்தகத்திலேயே இருக்கிறது.

சரி, இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பக்கத்துத் தோப்பு தப்பும். ஆனால் அதே புத்தகம் சூளையைத் தோப்பிலிருந்து தள்ளி வைக்கவும் சொல்கிறதே, அந்த வரியை ஏன் விட்டீர்கள்? உயர்த்துவதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் பிடியுங்கள், பிடித்த பிறகு மிஞ்சுவதற்கு உயரம்.

பாலக்கோடு: எங்கள் ஊர் ஆலையில் வெள்ளையாகப் புகை வருகிறது, ஆபத்தா?

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெள்ளை பெரும்பாலும் நீராவி. கந்தக டை ஆக்சைடுக்கு நிறமே இல்லை.

ஓசூர்: டிசம்பர் மாதக் காலையில் மட்டும் நெடி தாங்கவில்லையே?

தரையை ஒட்டிய காற்று இரவில் குளிர்ந்துவிடும், மேலே சூடான காற்று மூடி போட்ட மாதிரி நிற்கும், புகை ஏற முடியாது. 1948-இல் அமெரிக்காவின் டொனோராவில் துத்தநாக ஆலைப் புகை இப்படி மாட்டிக்கொண்டு 20 பேர் செத்தார்கள். 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் மூடிய புகைமூட்டத்தில் முதல் கணக்கே 4,000. அதன் பிறகுதான் அங்கே 1956-இல் தூய காற்றுச் சட்டம்.

கிருஷ்ணகிரி: புகைபோக்கி எத்தனை அடி இருந்தால் போதும் சார்?

மேலே சொன்ன கணக்கைப் படியுங்கள்.

ஊத்தங்கரை: கறுப்புப் புகை வராவிட்டால் சுத்தம்தானே?

இதையும் மேலே சொல்லிவிட்டேன். நிறம், நிறம், நிறம்! விடுங்கள் நிறத்தை.

பென்னாகரம்: அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, கிரஷர் தூசிதான் காரணமா?

நெஞ்சக மருத்துவரிடம் போங்கள், இன்றைக்கே. என்னிடம் கேட்டு நேரத்தை விடாதீர்கள்.

ஃபவுண்ட்ரிக்காரர்: சரி, பிடிக்கிறேன். சைக்ளோன் (காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் கருவி) போதுமா?

கரடான தூசிக்குப் போதும். நைசான தூசி தப்பிவிடும், நுரையீரலின் அடிவரைக்கும் போவது அதுதான். அதற்கு பேக் ஃபில்டர் வேண்டும், இல்லாவிட்டால் அமெரிக்கர் காட்ரெல் 1907-இல் செய்துகாட்டிய, தூசிக்கு மின்னேற்றி இழுத்துப் பிடிக்கும் முறை. வாங்கினால் மட்டும் போதாது. நான் இருந்த ஓர் ஆலையில் கரன்ட் செலவு என்று ராத்திரி ஷிஃப்டில் ஃபில்டர் ஃபேனை நிறுத்திவிடுவார்கள், பகலில் யாராவது பார்க்க வந்தால் ஓடும். காலையில் தகரக் கூரை மேல் விரல் வைத்தால் தெரியும். சொல்லிப் பார்த்தேன், என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.

ஃபவுண்ட்ரிக்காரர்: என்னிடம் பழைய பேக் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. பை கிழிந்தால் எப்படித் தெரியும்?

பைக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் மானோமீட்டர் பக்கத்தில் இருக்கும். அடைத்தால் அளவு ஏறும், கிழிந்தால் இறங்கும். நாளைக் காலை ஷிஃப்ட் தொடங்கும்போது ஒரு தரம், முடியும்போது ஒரு தரம் குறித்துக்கொண்டு வாருங்கள், பார்ப்போம்.