லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம்

கேள்வி: விவாகரத்தாகி 2 ஆண்டு. 9 வயது மகள் அம்மாவிடம் வளர்கிறாள். ஞாயிறுதோறும் நான் பார்க்கலாம் என்பது நீதிமன்ற உத்தரவு. புளோக் கீழே உட்கார்ந்து, லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து பார்ப்பேன். அவள் வந்ததும், அம்மா என்னைப் பற்றி என்ன சொன்னாள் என்று கேட்பேன். வாயே திறக்கமாட்டாள். இப்போது வரவே மாட்டேன் என்கிறாள். தாய் இப்படிப் பிள்ளை மனத்தைக் கெடுப்பதற்கு மனநோய்ப் பெயரே இருக்கிறதாமே? அதைச் சொல்லி வழக்குப் போடலாமா?
– வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அந்தப் பெயரை நம்பி நீதிமன்றப் படி ஏறாதீர்கள். ரிச்சர்ட் கார்ட்னர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1985ல் சூட்டிய ‘பெற்றோர் அந்நியமாக்கல் நோய்க்குறி’ (Parental Alienation Syndrome) என்ற பெயர் அது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. பிள்ளையை அடித்த அப்பனும் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்பது எதிர்த்தவர்களின் பயம். நியாயமான பயம்தான்.

அதற்காக, பிள்ளையை ஏவிவிடும் பெற்றோரே இல்லை என்று சொல்ல நான் என்ன வெளியூரா? உத்தரவு இருந்தும் அனுப்பவில்லை என்றால் தேதி, நேரம், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். திருமணம், விவாகரத்து பற்றிய நம் சட்டமான மாதர் சாசனத்தில் 2022ல் நிறைவேறிய திருத்தம், தவறிய நாளுக்கு ஈடாக வேறு நாள் தரச் சொல்லவும் ஆலோசனைக்கு அனுப்பவும் நீதிமன்றத்துக்கு வழிசெய்கிறது. அடம்பிடித்தால் அபராதம், சிறைவரை போகலாம்.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருவோம். ஒரு வாரம் கழித்து அப்பாவைப் பார்க்க இறங்கி வருகிற பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்குகிறீர்கள். பேசினால் அம்மாவைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும், பேசாவிட்டால் உங்கள் முகம் சுருங்கும். இரண்டுக்கும் பயந்து மேலேயே இருந்துவிடுகிறாள். இதற்குத் தாய் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சொல்லியும் இருக்கலாம், என் கையில் இருப்பது உங்கள் கடிதம் மட்டும்தானே.

அடுத்த முறை அவள் வந்தால் அம்மா பேச்சை எடுக்காதீர்கள். தேக்காவுக்குக் கூட்டிப்போய்ப் பரோட்டா வாங்கிக்கொடுங்கள். வகுப்பில் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று கேளுங்கள். 5 மணிக்குக் கொண்டுவிட வேண்டுமென்றால் 5 மணிக்கே விடுங்கள். ஐந்தேகால் ஆனால் மேலே ஒரு சண்டை காத்திருக்கும். அதில் நடுவில் நிற்கப்போவது அவள்தான்.