கிராஃபிக்ஸ் கார்டு காணவில்லை: கேள்வி பதில்

கேள்வி (திருப்பூர்): ஐயா, பொங்கலுக்குக் கணினியைத் தூசு தட்டினேன். அதிலிருந்து கார்டின் விசிறி சுற்றுகிறது, விண்டோஸின் பாகப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் பெயர் இல்லை. டிரைவர் மென்பொருளை நான்கு முறை போட்டுவிட்டேன்.

பதில்: ஐந்தாவது முறை வேண்டாம். கணினி தொடங்கும்போதே பாகங்களைத் தேடும் பயாஸுக்கே தட்டுப்படாத கார்டுக்கு டிரைவர் என்ன செய்யும்? விசிறி சுற்றினால் மின்சாரம் போகிறது, அவ்வளவுதான். (புதிய கார்டுகள் பலவற்றில் சூடேறும்வரை விசிறி சுற்றாது. அதைப் பார்த்து "செத்துவிட்டது" என்று தூக்கி வருகிறவர்களும் உண்டு.) தட்டிய தட்டில் கார்டின் ஒரு முனை ஸ்லாட்டிலிருந்து எழும்பியிருக்கும். பிளக்கை உருவிவிட்டுக் கழற்றுங்கள். தங்கப் பற்களை வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் தூரிகையால் தட்டுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஸ்லாட்டின் தாழ் 'டக்' என்று விழும்வரை அழுத்திச் செருகுங்கள். பவர் சப்ளையிலிருந்து கார்டுக்கு வரும் 8 பின் கம்பியையும் மறுபடி செருகுங்கள்: ஸ்லாட் தருவது 75 வாட்தான், அந்தக் கம்பி 150 தரும். அதற்கும் அசையாவிட்டால் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டுங்கள். கடைசியாக, நண்பர் கணினியில் செருகிப் பாருங்கள். அங்கே தெரிந்தால் கோளாறு உங்கள் கணினியில், தெரியாவிட்டால் கார்டில்.

கேள்வி (நாகர்கோவில்): புதுக் கார்டு, திரை கறுப்பு. செயலி ஐ5 12400எஃப்.

பதில்: எச்டிஎம்ஐ கம்பியை மதர்போர்டில் செருகியிருப்பீர்கள். எஃப் வகைச் செயலியில் கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டில் செருகுங்கள்.

கேள்வி (ஈரோடு): பெயர் தெரிகிறது, பிழை எண் 43.

பதில்: உங்கள் கார்டு காணாமல் போகவில்லை, வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வேலை செய்ய மறுக்கிறது. சேஃப் மோடில் டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருள் கொண்டு பழைய டிரைவரைத் துடைத்துப் புதிதாகப் போடுங்கள். மறுபடி 43 வந்தால் பெரும்பாலும் சிப் அல்லது மெமரி கெட்டிருக்கும்.

கேள்வி (சேலம்): புது பவர் சப்ளைக்குப் பழையதன் கம்பிகள் பொருந்துகின்றன. போடலாமா?

பதில்: கூடாது. கார்டுப் பக்க முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான். பவர் சப்ளைப் பக்கத்தில் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொருந்தும், எரியும்.

கேள்வி (கோவை): செத்த கார்டை ஓவனில் 200 டிகிரியில் பத்து நிமிடம் சுட்டேன். உயிர் வந்தது! ஈயம் உருகி ஒட்டிக்கொண்டது. இதை ஏன் சொல்லமாட்டேன் என்கிறீர்கள்?

பதில்: ஒட்டவில்லை என்பதால். இன்றைய கார்டுகளில் ஈயமில்லாப் பற்றாசு (சால்டர்). அது உருக 217 டிகிரியாவது வேண்டும். நீங்கள் வைத்ததோ 200. சூட்டில் சிப்புக்கு அடியிலுள்ள நுண் பற்றாசுப் புள்ளிகள் விரிந்து தற்காலிகமாகத் தொட்டிருக்கும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, மறுபடி விலகும்.

கேள்வி (தஞ்சாவூர்): விசிறி சுற்றுகிறது, பெயர் இல்லை...

பதில்: திருப்பூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். பிளக்கை உருவிவிட்டு.

கேள்வி (மதுரை): லேப்டாப்பில் கார்டு மறைந்துவிட்டது.

பதில்: பெரும்பாலும் போர்டோடு பற்றவைத்திருப்பார்கள். சிப் வேலை தெரிந்தவரிடம் போங்கள்.

கேள்வி (கோவை, மறுபடியும்): ஆறு வாரம் ஓடியது ஐயா! நேற்றுத்தான் நின்றது. இன்னொரு முறை சுடலாமா?

பதில்: ஆறு வாரம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அது வீட்டு ஓவனா?

கேள்வி (கோவை): ஆமாம். நேற்று அதில் கேக் செய்தார்கள்.

பதில்: கார்டை விடுங்கள். பிளாஸ்டிக்கும், பற்றவைக்கப் பூசும் ஃப்ளக்ஸும் புகைந்த அந்த ஓவனில் இனிச் சாப்பாட்டுப் பொருள் எதையும் வைக்காதீர்கள்.