ஃபைட்டர் மீன் தொட்டிய பரிசா குடுக்கறீங்களா? முதல்ல ஒரு மாசம் உங்க வீட்டுலயே ஓடட்டும்

கேள்வி: தோழியோட பிறந்தநாளுக்கு செடியெல்லாம் வெச்சு ஒரு சின்ன ஃபைட்டர் மீன் தொட்டி பரிசா குடுக்கலாம்னு இருக்கேன். இன்னும் பத்து நாள் இருக்கு. என்னென்ன வாங்கணும், எப்படி செட் பண்ணணும்?

பத்து நாள் பத்தாதுங்க. எடுத்த எடுப்புலயே இப்படி சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. கடைக்குப் போனா அரை மணி நேரத்துல தொட்டி, கல்லு, செடி, மீனு எல்லாத்தையும் கட்டி கையில குடுத்துருவாங்க, நீங்களும் அன்னைக்கு சாயங்காலமே ரிப்பன் சுத்தி கொண்டு போயிடலாம். நானும் ஒரு தடவ அப்படித்தான் கொண்டு போய் குடுத்தேன். அதுக்கப்புறம் எங்க அக்கா பையன் ஆறு வருஷம் எந்த மீன் தொட்டி பக்கமும் போகல. இந்தக் கேள்விய பாத்ததும் அதுதான் ஞாபகம் வந்துச்சு, அதான் உக்காந்து இவ்ளோ நீளமா எழுதறேன்.

2017ல அவனுக்கு ஆறாவது பிறந்தநாள். சென்னை கொளத்தூர் போனேன், வண்ணமீனுக்கு பேர் போன இடம், தெருவுக்கு தெரு கடை. ரெண்டரை லிட்டர் பிடிக்கற உருண்டை பவுல், நீலக் கலர் கல்லு, ஒரு பிளாஸ்டிக் செடி, டம்ளர்ல செக்கச்செவேல்னு ஒரு ஃபைட்டர். "இதுக்கு மோட்டரே வேணாம் சார், காத்த சுவாசிக்கற மீனு, ரெண்டு டம்ளர் தண்ணி போதும்"னு கடைக்காரர் சொன்னாரு. நானும் நம்பிட்டேன். பையன் அதுக்கு ராக்கெட்னு பேர் வெச்சான். பதினோராம் நாள் காலையில ராக்கெட் கல்லு மேல சாஞ்சு கிடந்துச்சு. நான் போய் சேர்றதுக்குள்ள அக்கா வீட்டுக்காரர் "மூடி மூடியா சாப்பாட்ட கொட்டுன இல்ல, நீதான்டா கொன்னுட்ட"ன்னு சொல்லிட்டாரு. அவர் கெட்டவர் இல்ல, ஆபீஸ் கிளம்பற அவசரத்துல வாயில வந்தத சொல்லிட்டாரு. பையன் அழல. ஸ்கூல் பேக்ல இருந்து அந்த சின்ன பெல்லட் டப்பாவ, அதான் மீன் சாப்பாட்டு உருண்டை டப்பா, எடுத்து என் கையில வெச்சான். "நீயே வெச்சுக்கோ மாமா"ன்னான். அத ஸ்கூலுக்கும் எடுத்துட்டுப் போயிருக்கான்னு எனக்கு அப்பதான் தெரியும்.

கொன்னது அவன் இல்ல, நான் வாங்கிக் குடுத்த பவுல்தான். இது எனக்கு விளங்கவே ரொம்ப நாள் ஆச்சு. மீன் செவுள் வழியா அம்மோனியாவ வெளிய விட்டுட்டே இருக்கும், மிஞ்சின சாப்பாடு அழுகினா அதுவும் அம்மோனியாதான். பழகின தொட்டியா இருந்தா அத ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்ட நைட்ரேட்டா மாத்தும், நைட்ரேட்ட செடி எடுத்துக்கும், மிச்சம் நாம தண்ணி மாத்தும்போது போயிடும். இந்த பாக்டீரியா புதுத் தொட்டியில கிடையாது, தானா வளர்ந்து வர்றதுக்கு நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவாத்தான் தெரியும், உள்ள மீனோட செவுள் வெந்துட்டு இருக்கும். ரெண்டரை லிட்டர்ல அம்மோனியா ரொம்ப சீக்கிரம் ஏறிடும்.

காத்த சுவாசிக்கும்னு கடைக்காரர் சொன்னது பொய் இல்ல. நம்ம ஊர் பனையேறிக் கெண்டைக்கு இருக்கற மாதிரியே இதுக்கும் தலைக்குள்ள ஒரு உறுப்பு இருக்கு, மேல வந்து ஒரு மடக்கு காத்து எடுத்துட்டு கீழ போகும். ஆனா அது ஆக்சிஜன் கம்மியா இருந்தா சமாளிக்கத்தான். அம்மோனியாகிட்ட இருந்து அது காப்பாத்தாது. அப்புறம் "அது குட்டையில, வயல்ல வாழற மீனு, சின்ன இடமே போதும்"னு ஒரு பேச்சு இருக்கு. தாய்லாந்து பக்கம் நெல்லு வயல்லயும் சதுப்புலயும் இருக்கற மீனுதான், 2019ல அந்த நாடு இத தன்னோட தேசிய நீர்வாழ் உயிரினம்னே அறிவிச்சிருக்கு. ஆனா நடவு முடிஞ்ச வயல கண்ணால பாத்தவங்களுக்கு தெரியும், தண்ணி கணுக்கால் அளவுதான், ஆனா ஏக்கர் கணக்குல பரந்து கிடக்கும், முழுக்க பயிரும் பாசியும். அதையும் டம்ளரையும் ஒண்ணுன்னு சொன்னா எப்படி.

"எங்க வீட்டுல ஹார்லிக்ஸ் பாட்டில்லயே ரெண்டு வருஷம் இருந்துச்சு"ன்னு யாராவது கமெண்ட்ல வருவீங்க. இருந்திருக்கலாம், நான் இல்லன்னு சொல்லல. தினம் தண்ணி மாத்துற பொறுமை உங்களுக்கு இருந்திருக்கும். ஆனா பரிசா வாங்கறவங்களுக்கு அந்தப் பொறுமை இருக்குமான்னு உங்களுக்குத் தெரியாது, மீன் செத்தா பழி அவங்க தலையிலதான் விழும். நான் சொல்ல வர்றதே அதத்தான்.

ரெண்டாவது தடவ 2023ல. அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிஞ்சு வில்லிவாக்கம் வீட்டு முன் ரூம்லயே நாள் முழுக்க உக்காந்திருந்தாரு. டிவி பாத்து பாத்து சலிச்சுட்டாரு. இந்தத் தடவ அம்பத்தூர்ல நான் வாடகைக்கு இருந்த வீட்டுலயே அஞ்சு வாரம் தொட்டிய ஓட்டினேன். பதினஞ்சு இஞ்ச் நீளம், பத்து அகலம், பத்து உயரம், கடையில சொல்லி ஒட்ட வெச்சது. விளிம்பு வரைக்கும் 24 லிட்டர் சொச்சம், மேல ரெண்டு இஞ்ச் விட்டு ஊத்துனா ஒரு இருபது. அந்த இடைவெளி கண்டிப்பா வேணும், மீன் காத்து எடுக்கணும். மூடியும் வேணும், ஃபைட்டர் நல்லா எகிறும், காலையில தரையில காஞ்சு கிடந்த கதை நிறைய பேர் சொல்லி கேட்டிருக்கேன்.

அடியில ஆத்து மணல், நல்லா அலசி ரெண்டு விரல் கனத்துக்கு. மணல் மேல கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்க, நுரைச்சுதுன்னா கிளிஞ்சல் கலந்திருக்கு, வேணாம். செடிக்கு ரொம்ப யோசிக்காதீங்க. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ரெண்டும் கம்மி வெளிச்சத்துலயே பொழச்சுக்கும். ஆனா இஞ்சி மாதிரி படுத்துட்டு இருக்குமே அந்தத் தண்டு, அத மணல்ல புதைச்சா அழுகிடும், கறுப்பு நூலால மரக்கட்டையில கட்டி விடுங்க, ரெண்டு மூணு மாசத்துல வேரே பிடிச்சுக்கும். மணல்ல நடறதுக்கு கிரிப்டோகரைன் வாங்குனேன், பத்தாவது நாள் இலையெல்லாம் கூழா கரைஞ்சு போச்சு, பிடுங்கிப் போட இருந்தேன், நல்லவேளை போடல, வேர்ல இருந்து திரும்பத் துளிர் விட்டுச்சு, அது குணமே அப்படித்தான். கூடவே ஒரு மணி பிளான்ட் கொடிய வேர் மட்டும் தண்ணியில படற மாதிரி மூடி ஓட்டை வழியா விட்டேன், அது நைட்ரேட்ட உறிஞ்சிக்கும். ஏர் பம்ப்ல ஓடற ஸ்பான்ஜ் ஃபில்டர், காத்து வேகத்த குறைக்க ஒரு சின்ன வால்வு. நீளத் துடுப்பு ஃபைட்டருக்கு தண்ணி வேகமா சுத்துனா நீந்தியே ஓஞ்சு போகும். லைட் ஏழு மணி நேரம் போதும், அதுக்கு மேல போட்டா பாசி மூடிடும். மீன் தவிர எல்லாம் சேத்து எனக்கு மூவாயிரத்துக்குள்ள முடிஞ்சுது.

மீன் இல்லாம தினம் ரெண்டு பெல்லட் மட்டும் போட்டு அழுக விட்டேன், பாக்டீரியாவுக்கு அதுதான் தீனி. தெரிஞ்சவர் ஒருத்தர் பழைய தொட்டி ஸ்பான்ஜ பிழிஞ்சு ஒரு டம்ளர் அழுக்குத் தண்ணி குடுத்தாரு, அந்த அழுக்குல பாக்டீரியா இருக்கும்னு அதையும் ஊத்துனேன். தண்ணியில சொட்டு மருந்து விட்டு கலர் பாக்கற டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்கிக்கோங்க, அதுல மட்டும் காசு பாக்காதீங்க. அம்மோனியா டியூப் பச்சையில இருந்து மஞ்சளா மாறணும், நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டணும், நைட்ரேட் எட்டிப் பாக்கணும். அன்னைக்குதான் தொட்டி ரெடி.

இந்த நேரத்துலதான் ஹவுஸ் ஓனர் ஒரு நாள் வந்து பாத்துட்டு "மீனெல்லாம் வளக்கறீங்களா, தண்ணி செலவு ஆகுமே"ன்னாரு. வாரத்துக்கு நாலு லிட்டர் தண்ணி. அதையும் மாடித் தொட்டி செடிக்குத்தான் ஊத்திட்டு இருந்தேன், அதுவும் அவரு வெச்ச செடி. காலி பண்ணும்போது, தொட்டி வெச்ச இடத்துல சுவர் ஓதம் அடிச்சிடுச்சுன்னு பெயின்டிங் காசோட கூட எட்டாயிரம் அட்வான்ஸ்ல பிடிச்சாரு. நான் தொட்டி வெச்சது சுவத்துல இருந்து ஒரு அடி தள்ளி, ஓதம் அடிச்சது பாத்ரூம் குழாய் கசியற சுவர், அத மூணு தடவ போன் பண்ணி சொல்லியிருக்கேன். அட்வான்ஸ்ங்கறது நம்ம காசு, வருஷக்கணக்குல வட்டி இல்லாம அவங்ககிட்ட கிடக்குது, திருப்பிக் குடுக்கும்போது மட்டும் ஒவ்வொரு ஆணி ஓட்டைக்கும் கணக்கு. கேட்டா "இஷ்டம் இருந்தா வாங்கிக்கோங்க"ன்னு பதில். வீடு மாத்தற டென்ஷன்ல சண்டை போடவும் தெம்பில்ல. சரி விடுங்க, கேட்டதுக்கு வர்றேன்.

கொண்டு போற விதம் முக்கியம். தொட்டிய தண்ணியோட தூக்கவே கூடாது, ஒட்டு விட்டுரும். ஒரு பபுள் டாப் கேன்ல பழைய தண்ணி, செடிய ஈர நியூஸ்பேப்பர்ல சுத்தி, மணல ஈரம் காயாம தொட்டியிலயே விட்டு ஆட்டோவுல கொண்டு போனேன். ஸ்பான்ஜ மட்டும் தொட்டித் தண்ணியிலயே முங்கின மாதிரி ஒரு டப்பாவுல மடியில வெச்சுக்கிட்டேன். ஏன்னா பாக்டீரியா தண்ணியில மிதக்கறது ரொம்பக் கம்மி, ஸ்பான்ஜ்லயும் மணல்லயும்தான் ஒட்டி வாழும்.

மீன நான் வாங்கல. அப்பாவ ஆட்டோவுல கொளத்தூர் கூட்டிட்டுப் போய் அவரையே பாக்கச் சொன்னேன். அத்தனை செவப்பு, மஞ்சள், வெள்ளைய விட்டுட்டு நாவப்பழக் கலர்ல மூலையில சும்மா நின்னுட்டு இருந்த ஒண்ண காமிச்சாரு. ஒரு வாரத்துலயே அவர் பிளாஸ்டிக் ஸ்டூல இழுக்கற சத்தம் கேட்டா முன் கண்ணாடிக்கு வந்து நிக்க ஆரம்பிச்சுது.

எல்லாம் நல்லபடியா போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. காஞ்ச பாதாம் மரத்து இலை ஒண்ணு போட்டிருந்தேன், ஃபைட்டருக்கு நல்லதுன்னு வளக்கறவங்க எல்லாரும் போடறதுதான், தண்ணி டீ டிகாஷன் கலர்ல ஆகும். அம்மா அத அழுக்குன்னு நினைச்சு ஸ்பான்ஜ எடுத்து பாத்திரம் தேய்க்கற சோப்பு போட்டு பளிச்சுன்னு கழுவி திரும்ப மாட்டிட்டாங்க. மறுநாள் மீன் மேல் மட்டத்துலயே நின்னு வேகமா செவுள ஆட்டுது. ஓடிப் போய் அந்த ஸ்பான்ஜ தூக்கிப் போட்டேன், முக்கால்வாசி தண்ணிய மாத்தினேன், டெஸ்ட் பண்ணா பூஜ்யமா இருக்க வேண்டிய அம்மோனியா 0.5. எட்டு நாள் தினமும் பாதித் தண்ணி மாத்தி, குழாய்த் தண்ணியில இருக்கற குளோரின போக்க ஆன்டி குளோரின் விட்டு, சாப்பாட்ட பாதியாக்கி இழுத்துக் கொண்டு வந்தேன். மணலும் செடியும் பழகி இருந்ததாலதான் பொழச்சுது, அந்த உருண்டை பவுலா இருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அம்மாவ யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுன்னு முதல்லயே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஸ்பான்ஜ எப்படி கழுவணும்னு சொல்லிக் குடுக்காதது என் தப்பு. தொட்டித் தண்ணிய மக்குல மொண்டு அதுலயே ரெண்டு பிழி பிழிஞ்சா போதும், குழாய்ல காட்டவே கூடாது. இத ஒரு பேப்பர்ல எழுதி தொட்டி பக்கத்துலயே ஒட்டிட்டு வாங்க.

அதனால உங்களுக்கு நான் சொல்றது, பிறந்தநாள் அன்னைக்கு தோழிய உங்க வீட்டுக்கு கூப்பிட்டு ஓடிட்டு இருக்கற தொட்டிய காட்டுங்க, செடி மட்டும் இருக்கட்டும், "இது உனக்குத்தான், அடுத்த மாசம் கொண்டு வந்து வெக்கறேன், மீன் நீ வந்து எடு"ன்னு சொல்லுங்க. அதுக்கு முன்னாடி இப்படி ஒண்ண பாத்துக்க அவங்களுக்கு விருப்பமான்னு நாசூக்கா கேட்டுடுங்க. ஹாஸ்டல்லயோ பிஜியிலயோ இருந்தா வேணாம். சென்னை மாதிரி ஊர்னா ஹீட்டர் தேவையில்ல, பெங்களூரு, ஊட்டின்னா வேணும், ராத்திரி முழுக்க ஏசி ஓடற ரூம்னாலும் யோசிக்கணும். தண்ணி 24ல இருந்து 28 டிகிரிக்குள்ள இருந்தா அதுக்கு சௌகரியம். ஆர்ஓ தண்ணிய அப்படியே ஊத்தாதீங்க, அதுல தாது உப்பு ரொம்பக் கம்மி, பிஹெச் நிலையா நிக்காது.

சாப்பாடு காலையில மூணு பெல்லட், சாயங்காலம் மூணு. வாரத்துல ஒரு நாள் எதுவும் வேணாம், எங்க வீட்டுல அம்மாவோட செவ்வாக்கிழமை விரதத்தோட மீனுக்கும் சேத்து விட்டாச்சு.

அந்த வருஷ அரைப்பரீட்சை லீவுக்கு அக்கா பையன் வந்தான். பன்னெண்டு வயசு. ரெண்டு நாள் தொட்டி இருக்கற பக்கம் முதுகு காட்டியே உக்காந்திருந்தான். மூணாம் நாள் நான் அவன் பக்கத்துல உக்காந்து பவுல், அம்மோனியா, பாக்டீரியா எல்லாத்தையும் சொன்னேன், டெஸ்ட் டியூப்ல சொட்டு விட்டு காட்டினேன், ராக்கெட் செத்தது உன்னால இல்லடா, சாப்பாடு கொஞ்சமா போட்டிருந்தாலும் அந்த பவுல்ல நெலச்சிருக்காதுன்னு சொன்னேன். ஒண்ணும் பேசல. சாயங்காலம் அப்பா தூங்கிட்டு இருந்தப்ப பெல்லட் டப்பாவ திறந்து உள்ளங்கையில கொட்டி ஒவ்வொண்ணா எண்ணி போட்டான், மிச்சத்த டப்பாவுல கொட்டி இறுக்கி மூடி, திரும்பிப் பாக்காமலே "மூணு மாமா"ன்னான்.

உங்க தோழி வீட்டுல வர்றது மெட்ரோ தண்ணியா போர் தண்ணியான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. போர் தண்ணின்னா உப்பு பாத்துதான் செடி சொல்லணும்.