குடியை விட்ட மாதிரி சாப்பாட்டை விட முடியாது

வணக்கம் சகோதரி. அண்ணன் ஒரே நாளில் குடியை விட்டுட்டார், என்னால ராத்திரி மிக்சர் டப்பாவைக் காலி பண்றதை நிறுத்த முடியலையேன்னு எழுதியிருந்தீங்க. அவரோட உங்களை ஒப்பிடுறதே அநியாயம். அவர் இனி ஒரு சொட்டுகூடத் தொட வேண்டாம். நீங்க நாளைக்கும் மூணு வேளை சாப்பிட்டே ஆகணும். அடக்க முடியாத ஏக்கம், ஒளிச்சுச் செய்யறது, அப்புறம் வர்ற குற்றவுணர்வு எல்லாம் ரெண்டுக்கும் பொது. வெளியே வர்ற வழிதான் வேற.

நீங்க எழுதினதில் என்னை உறுத்தினது மறுநாள் பட்டினி. காலையில் வெறும் காபி, மதியம் ரெண்டு வாய்னு இருந்தா, அடக்கி வச்ச பசி ராத்திரி பத்து மணிக்கு மொத்தமாக் கிளம்பும். தயவுசெய்து அதை முதலில் நிறுத்துங்க. முந்தின ராத்திரி என்ன நடந்திருந்தாலும் காலையில் இட்லி சாப்பிடுங்க. மூணு நாலு மணி நேரத்துக்கு மேல வயித்தைக் காயப்போடாதீங்க.

வாரம் ஒரு தடவையாவது, மூணு மாசமா இப்படி நடக்குதுன்னா மனநல மருத்துவரைப் பாருங்க. இது மனஉறுதிக் குறைவு இல்லை. இப்படி அடக்க முடியாம அளவுமீறிச் சாப்பிடறதை (ஆங்கிலத்தில் binge eating disorder) அமெரிக்க மனநல சங்கத்தின் கையேட்டில் 2013லேயே தனி நோயாச் சேர்த்துட்டாங்க. சிபிடி என்ற பேச்சு சிகிச்சைக்கு நல்ல பலன் உண்டு. நேரில் போகக் கூச்சமா இருந்தா, 14416க்குக் கூப்பிடுங்க. அரசோட டெலி மானஸ்ங்கிற மனநல தொலைபேசி உதவி சேவை அது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.