4,800 ரூபாய் கீபோர்டு யாருக்கு?

கேள்வி: பாலக்கோட்டில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க மனுவும் பத்திரமும் தமிழில் அடிக்கிற வேலை. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன், கேம் விளையாட 4,800 ரூபாய்க்கு கேமிங் கீபோர்டு வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரிக்கிறான். வீட்டில் இருப்பது 550 ரூபாய் கீபோர்டு, நன்றாகத்தான் வேலை செய்கிறது. தெரிந்தவர் ஒருவர் அதே 4,800 ரூபாய் மாடலை பெங்களூரிலிருந்து 3,200-க்கு வாங்கி வருவதாகச் சொல்கிறார், பில் மட்டும் கேட்கக் கூடாதாம். கூடுதல் பணத்துக்குப் பலன் உண்டா, வெறும் விளக்கு அலங்காரம்தானா?

பதில்: ‘கேமிங்’ என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தராதீர்கள். கீயின் அடியில் இருக்கும் சுவிட்சுக்காகத் தரலாம். அதுவும் 4,800 தேவையில்லை. தெரிந்தவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். அவசரமாக இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இருபது வருடமாக தருமபுரியில் கம்ப்யூட்டர் விற்பனையும் சர்வீசும் பார்ப்பவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் புலம்பவும் இருக்கிறது.

உங்கள் 550 ரூபாய் கீபோர்டைக் கழற்றினால் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாள்களும், அவற்றின்மேல் கீக்கு ஒன்றாக ரப்பர் குமிழ்களும் இருக்கும். இதற்கு மெம்பிரேன் என்று பெயர். ஒரு கீயை அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் தனித்தனியாக ஒரு சுவிட்ச், அதற்குள் ஒரு ஸ்பிரிங். பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் இறங்கும் கீ, பாதி தூரம் போனதுமே எழுத்தைப் போட்டுவிடும். ஒரு கீ 5 கோடி முறை தாங்கும் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. மெம்பிரேனுக்கு 50 லட்சம், ஒரு கோடி என்பார்கள். இந்தச் சுவிட்சுக்கு ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் வைத்திருந்த காப்புரிமை முடிந்த பிறகு கேட்டரான், அவுட்டெமு போன்ற சீன நிறுவனங்கள் அதே அளவில் சுவிட்ச் போட ஆரம்பித்தன. விலையும் இறங்கியது. இன்றைக்கு 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் உருப்படியான மெக்கானிக்கல் கீபோர்டு கிடைக்கிறது.

ஏமாற்று வேலையும் இங்கேதான் நடக்கிறது. 900, 1,200, 1,500 ரூபாய்க்கு வானவில் விளக்கோடு அலமாரியில் மின்னுகிறதே, அதில் நிறைய உங்கள் 550 ரூபாய் சரக்குதான். அதே ரப்பர் குமிழ், அடியில் நாலு விளக்கு. பெட்டியில் ‘மெக்கானிக்கல் ஃபீல்’ என்று போட்டிருப்பார்கள். ஃபீல்! பால் சுவை என்று எழுதிய பொடியைப் பால் என்று வாங்குவீர்களா? எம்.ஆர்.பி. 4,999 என்று அச்சடித்து, அதை அடித்துவிட்டு 1,499 என்று எழுதி, எழுபது சதவீதம் தள்ளுபடி என்பார்கள். அந்த 4,999-க்கு அதை எந்தக் கடையிலும் யாரும் விற்றதில்லை.

பாலக்கோட்டுக்காரருக்குத் தக்காளிக் கூடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே அடுக்கியிருப்பதைப் பார்த்து நீங்கள் விலை பேச மாட்டீர்கள், கையை விட்டு அடியில் இருப்பதை எடுத்துப் பார்ப்பீர்கள். இங்கேயும் அதைத்தான் செய்ய வேண்டும். கடையில் கீபோர்டை ஒரு கம்ப்யூட்டரில் சொருகச் சொல்லி நோட்பேடைத் திறங்கள். ஒரு கீயின்மேல் விரலை வைத்து மெல்ல மெல்ல இறக்குங்கள். அடியில் முட்டுவதற்கு முன்பே எழுத்து விழுந்தால் மெக்கானிக்கல். முட்டிய பிறகுதான் விழுகிறது என்றால் ரப்பர். “டெமோ பீஸ் இல்லை, பெட்டியைப் பிரிக்க முடியாது” என்று சொல்லும் கடையில் நிற்க வேண்டாம்.

இனி மகன் விஷயம். கேமிங் கீபோர்டு வேகமானது என்று சொல்லியிருப்பான், பொய் இல்லை. சாதாரண கீபோர்டு பலவும் கம்ப்யூட்டருக்கு 8 மில்லி விநாடிக்கு ஒரு முறை செய்தி அனுப்பும், கேமிங் கீபோர்டு ஒவ்வொரு மில்லி விநாடிக்கும் அனுப்பும். மிச்சமாவது அதிகபட்சம் 7 மில்லி விநாடி. வீட்டில் இருப்பது சாதாரண 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் அது படத்தை மாற்றுவதே 16 மில்லி விநாடிக்கு ஒரு முறைதான். கேம் சர்வர் மும்பையில் இருந்தால் போய்வர இன்னும் சில பத்து மில்லி விநாடி. கண்ணால் பார்த்து விரலை அசைக்க மனிதனுக்கே 200 மில்லி விநாடி ஆகிவிடும். இதில் 7-ஐ மிச்சம் பிடிக்க நாலாயிரமா? செலவு செய்தே தீருவேன் என்றால் மானிட்டரையோ மவுஸையோ மாற்றச் சொல்லுங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அவன் விளையாடுவது செல்போனில்தான் என்றால் பேச்சே வேண்டாம்.

அவன் பக்கம் ஒரு நியாயம் இருக்கலாம். மலிவான கீபோர்டில் மூன்று, நான்கு கீயை ஒரே நேரத்தில் அழுத்தினால் சில சேர்க்கைகளில் ஒன்று விழாமல் போகும். ஓடிக்கொண்டே குனிந்து குதிக்கிற கேமில் இது தொல்லை. சோதிப்பது எளிது: இரண்டு பக்க ஷிப்ட் கீயையும் அழுத்திப் பிடித்தபடி, ஒரு கையின் விரலால் ஆங்கில எழுத்துகள் இருபத்தாறையும் வரிசையாக அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில எழுத்து காணாமல் போகும். அவன் விளையாடும்போது சேர்ந்து அழுத்தும் கீகளையும் இப்படியே பார்த்துக்கொள்ளலாம். அவை விழுந்தால் அவனுக்குக் குறை ஒன்றுமில்லை.

4,800 கேட்கிறான் என்றால் ஒருவேளை கீ எவ்வளவு இறங்கியது என்பதைக் காந்தத்தால் அறியும் காந்த சுவிட்ச் வைத்த மாடலாக இருக்கலாம். அதில் ‘ஸ்னாப் டேப்’ என்றொரு வசதியை 2024-இல் பெரிதாக விளம்பரம் செய்தார்கள். இடது கீயை விடாமலே வலது கீயைத் தட்டினாலும், கடைசியாகத் தட்டியதையே கீபோர்டு எடுத்துக்கொள்ளும். அதே ஆண்டு ஆகஸ்டில் கவுண்டர் ஸ்டிரைக் 2 கேமை நடத்தும் வால்வ் நிறுவனம், தன் சர்வர்களில் அதைப் பயன்படுத்துகிறவர்களை ஆட்டத்திலிருந்து வெளியேற்றுவதாக அறிவித்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய வசதியை அணைத்து வைத்துவிட்டுத்தான் அந்தக் கேமை விளையாட வேண்டும். மகனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், அவனுக்குத் தெரிந்திருக்கும், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான்.

சரி, அந்தத் தெரிந்தவர். கம்ப்யூட்டர் சரக்குக் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்.பி. ரோட்டின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, நானே மாதம் இரண்டு முறை போகிறேன், பில் போட்டுத்தான் சரக்கு எடுக்கிறேன். பிரச்சினை, நடுவில் பையைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆளிடம். 4,800-லிருந்து 3,200 என்றால் 1,600 குறைகிறது. ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். வரியே கட்டவில்லை என்று வைத்தாலும் எழுநூற்றுச் சொச்சம்தான் குறையும். மீதி எங்கிருந்து வந்தது? யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்த சரக்கு, பெட்டியை மாற்றிய சரக்கு, அல்லது மேலே சொன்ன ரப்பர். அதோடு அவருக்கும் ஒரு லாபம் இருக்குமே! வெளிநாட்டில் செய்து இங்கே விற்கும் பெட்டியின் மேல் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., புகார் சொல்லத் தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர் கொண்டு வரும் பெட்டியில் அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், அடுத்த வாரம் அவரைத் தெருவில் பார்க்க முடியாது.

பில் இருந்தால் மட்டும் எல்லாம் சுகமா என்றால், இல்லை. முன்பு ஒரு வாடிக்கையாளரின் கீபோர்டை வாரண்டியில் அனுப்பினேன், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஓசூரில் உலகத்துக்கே வண்டி செய்கிறார்கள், ஆனால் ஒரு கீபோர்டைக் கொடுத்து மாற்ற தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் அந்த நிறுவனத்துக்கு ஓர் இடம் கிடையாது. கூரியர் செலவு நம்முடையது. பெட்டி இருக்கிறதா, சீரியல் எண் போட்டோ எங்கே, பில்லில் கடை முத்திரை தெளிவாக இல்லை என்று ஒன்றரை மாதம் இழுத்துவிட்டு, ‘பயன்பாட்டுச் சேதம்’ என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், சொல்லுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணமே இல்லை. ஆனால் 3,000 ரூபாய் கீபோர்டுக்காக நாலு நாள் கடையைச் சாத்திவிட்டு யார் போய் நிற்பது? அந்தக் கணக்கு அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், உள்ளூரில் முகம் தெரிந்த கடையில் இருநூறு கூடக் கொடுத்து, பில்லோடு வாங்குங்கள். மறுநாளே கொண்டுபோய் மேஜையில் வைத்துச் சண்டை போடலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு விதிவிலக்கு. உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் கவனித்தேன். நல்ல கீபோர்டு தேவைப்படுவது மகனுக்கு இல்லை, உங்களுக்கு. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கிரயப் பத்திரமும் பட்டா மாறுதல் மனுவும் அடிக்கிறவர் ஒவ்வொரு எழுத்துக்கும் ரப்பரை அடிவரை குத்த வேண்டியதில்லை. சாயங்காலம் விரல் எப்படி இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். வருடத்துக்கு ஒரு கீபோர்டு மாற்றுகிற ஆளாகவும் இருப்பீர்கள். டி.டி.பி. கடைகளில் நான் பார்த்தவரை முதலில் போவது ஸ்பேஸ் பாரும், அதிகம் அடிபடும் நாலைந்து எழுத்துகளும்தான்.

ஆனால் உங்களுக்கு வேண்டியதும் மகனுக்கு வேண்டியதும் வேறு. கேம் ஆடுகிறவர்கள் மேஜையில் மவுஸுக்கு இடம் வேண்டும் என்று வலது பக்க நம்பர் பேடை வெட்டிய சின்ன கீபோர்டு வாங்குவார்கள். ஆதார் எண்ணின் 12 இலக்கமும் செல்போனின் 10 இலக்கமும் சர்வே எண்ணும் நாள் முழுக்க அடிக்கிற உங்களுக்கு அது இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் கீபோர்டைத் தூக்கி எறிவீர்கள். முழு அளவுதான். அப்புறம் சுவிட்ச் நிறம். நீலம் டைப்ரைட்டர் போலச் சத்தம் போடும்; உங்களுக்குப் பிடிக்கலாம், மனு எழுத வந்து எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பிடிக்காது. சிவப்பு எந்தத் தடையும் இல்லாமல் இறங்கும், கேமுக்கு நல்லது, தட்டச்சில் கைதவறி எழுத்து விழும். பழுப்பு நடுவில் லேசாக ஒரு மேடு காட்டும், சத்தமும் குறைவு. அதை எடுங்கள். தமிழ் எழுத்து அச்சடித்த கீ எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலும் வராது. தமிழ்99-ஓ பழைய டைப்ரைட்டர் முறையோ, விரலுக்கு மனப்பாடமாகியிருக்கும் உங்களுக்கு அது ஒரு குறையே இல்லை. ரூபாய் குறியும் 4-ஆம் கீயில் பெரும்பாலும் அச்சாகியிருக்காது, விண்டோஸில் இங்கிலீஷ் இந்தியா என்ற கீபோர்டு முறையை வைத்துக்கொண்டால் வலது ஆல்ட்டோடு 4-ஐ அழுத்தக் கிடைக்கும்.

இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: ‘ஹாட் ஸ்வாப்’. ஒரு சுவிட்ச் கெட்டால் பற்றவைக்கத் தேவையில்லை, இடுக்கியால் பிடுங்கிவிட்டுப் புதிதைச் சொருகலாம், சில பத்து ரூபாயில் முடியும். ரோட்டோரக் கடையில் லாரிப் புழுதியும் டீயும் இருக்கும்வரை இது வேண்டும். விளக்கு இல்லாமல் பெரும்பாலும் வராது, என்ன செய்வது, அணைத்துப் போட்டுவிடுங்கள். இதெல்லாம் சேர்ந்து 3,000-க்குள் முடிய வேண்டும். கடைக்கு மகனையும் கூட்டிப்போங்கள், நோட்பேட் சோதனையை அவனே செய்யட்டும். கடையில் தரும் பில் வெப்பத்தாளில் அச்சடித்ததாக இருந்தால் வாரண்டி முடிவதற்குள் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் உங்கள் ஜெராக்ஸ் மெஷினிலேயே இரண்டு பிரதி எடுத்துவிடுங்கள்.