நெப்போலியனைத் தோக்கடிச்சப்புறம் ஐரோப்பாவை ஒழுங்கு பண்ணக் கூடின வியன்னா மாநாட்டுக்கு (1814-15) வந்த ராஜாக்களும் பிரபுக்களும் உருப்படியா ஏதாவது செஞ்சாங்களா, இல்ல வெறும் டான்ஸ், விருந்து மட்டும்தானா?

ஏதோ யூடியூப் வீடியோ பார்த்துட்டு கேக்குறீங்கன்னு நினைக்கிறேன். "மாநாடு ஆடுது, நகர மாட்டேங்குது"ன்னு அங்க இருந்த வயசான பிரபு பிரின்ஸ் தெ லீன் சொன்னதா ஒரு கமெண்ட், அதை விடாம எல்லாரும் போட்டுடறாங்க. அந்த மனுஷன் பாதியிலேயே, 1814 டிசம்பர்லயே போய்ச் சேர்ந்துட்டார்.

நான் ஸ்டார் ஹோட்டல்ல பான்க்வெட்ல இருக்கேன், அதான் சுருக்குன்னுச்சு. விருந்துன்னா வேலையே இல்லன்னு சொல்றவங்க ஒரு தடவை சீட்டிங் சார்ட் போட்டுப் பாக்கட்டும். போன வருஷம் ஒரு டின்னர்ல ரெண்டு நாட்டு கான்சுல்களுக்கு நடுவுல சீஃப் கெஸ்ட் பக்கத்துல யாருன்னு இழுபறி, எங்க மேனேஜர் பெரிய நாட்டுக்காரரையே போடுன்னார், நான் முடியாது சார், யாருக்கு கான்சுலா வேலை பாக்க இங்க முதல்ல அனுமதி வந்துச்சோ அவர்தான்னு தேதியைக் காட்டினேன், ரெண்டு தரப்பும் கப்சிப்.

தேதி பாக்குற அந்த வழக்கம் வியன்னாவுல போட்டதுதாங்க. 1815 மார்ச் 19ல தூதர்களைத் தரம் பிரிச்சு, ஒரே தரம்னா வந்து சேர்ந்ததை முறையா தெரிவிச்ச தேதிப்படி வரிசைன்னு எழுதினாங்க. அதுக்கு முன்னாடி? 1661ல லண்டன்ல பிரெஞ்சு தூதர் வண்டி முந்தணுமா ஸ்பானிஷ் தூதர் வண்டி முந்தணுமான்னு நடுரோட்டுல சண்டை போட்டு உயிரே போயிருக்கு.

டான்ஸும் சும்மா இல்ல. வியன்னாவுல பால்ம் மாளிகையில ஒரு பக்கம் சாகன் சீமாட்டி, எதிர்ப்பக்கம் பக்ராத்தியோன் இளவரசி, மாநாட்டுப் பெரிய தலைங்க ரெண்டு பேர் வீட்டுக்கும் வந்து போவாங்க, யார் எந்தப் படி ஏறினாங்கன்னு போலீஸ் குறிச்சு வெச்சுது, ரூம் பெருக்குறவங்களை விட்டு குப்பைத்தொட்டி பேப்பரைக்கூட பொறுக்கினாங்க. அதே சீசன்லதான், ஜனவரி 3ல, ஆஸ்திரியாவும் பிரிட்டனும் தோத்துப்போன பிரான்சைச் சேர்த்துக்கிட்டு ரகசிய ஒப்பந்தம் போட்டுச்சு, போலந்தை ரஷ்யாவும் சாக்சனியை பிரஷ்யாவும் மொத்தமா முழுங்கிடக் கூடாதுன்னு.

போலந்துக்காரங்களைக் கேக்காம பங்கு போட்டது அயோக்கியத்தனம்தான், அதுக்கு நான் வக்காலத்து வாங்கல, கமெண்ட்ல அடிக்க வராதீங்க.

கடுப்பு என்னன்னா அந்த டின்னருக்கு தேங்க்ஸ் மெயில் மேனேஜர் பேருக்கு மட்டும் வந்துச்சு. எங்க சர்வீஸ் சார்ஜ் பங்கு இன்னும் வரல, அக்கவுன்ட்ஸ்ல கேட்டா எச்ஆர்ங்கறாங்க, எச்ஆர்ல கேட்டா அக்கவுன்ட்ஸ்ங்கறாங்க.